உடைய வேண்டிய கதவு

உடைய வேண்டும் என்பதற்காக ஒரு பொருளை நான் அதுவரை செய்ததே இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை என்னுடையது. வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டிக்குக் கேபின், பக்கப்பலகை, பின்கதவு எல்லாம் போட்டு அனுப்புவோம். அது காஷ்மீர் வரை போய் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு வரும். பள்ளத்தில் உருண்ட வண்டியை இழுத்து வந்து நிறுத்திவிட்டு, "எல்லாம் போச்சுங்க, உங்க பின்கதவு மட்டும் அப்படியே இருக்குது" என்று சொன்ன டிரைவர்கள் உண்டு. சொல்கிற ஆளின் கையில் மாவுக்கட்டு இருக்கும். நான் முதலில் கதவைத்தான் பார்ப்பேன்.

இது தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நான்தான் செய்தேன். மூடியைத் திறக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டும். மகன் நடை பழகிய காலத்தில் அவனுக்கு ஒரு நடைவண்டி செய்து கொடுத்தேன். அதை அவனால் தள்ள முடியவில்லை. அதன் மேல் ஏறப் பழகிக்கொண்டான். இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். நடைவண்டி இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

இதையெல்லாம் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் என் மனைவி உஷாராணி. ராசிபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அவள்தான் என்னிடம் வந்து, மூன்றாவது உதையில் உடைந்து விழுகிற மாதிரி ஒரு கதவு வேண்டும் என்று கேட்டாள்.

கதவு ஒரு நாடகத்துக்கு. நாடகம் அவள் எழுதியது. ராசிபுரத்தில் ஒரு நாடக மன்றம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பாட்டு நாடகம் போடுவார்கள். இதுவரை எழுதியவர்கள், நடத்தியவர்கள், பெண் வேடங்களில் பாதியைக் கட்டியவர்கள் எல்லாம் ஆண்கள். இந்த வருடம் முதன்முதலாக உஷா எழுதி, அவளே இயக்கவும் செய்கிறாள். நன்றாகப் போனால் மற்ற ஊர்களுக்கும் கொண்டு போவார்கள். அவளே தொடர்ந்து இயக்குவாள். சொதப்பினால், 'நாங்கதான் அப்பவே சொன்னமே' என்று சொல்வதற்கு ஒரு வரிசையே காத்திருந்தது.

கதை இதுதான். பொன்னி என்று ஒரு பெண். பரிசம் போட ஆட்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். வெளியே அப்பா ஒரு பாட்டில் கெஞ்சுகிறார். மாமா ஒரு பாட்டில் மிரட்டுகிறார். கட்டிக்கொள்ள வந்த முறைப்பையன் ஒரு பாட்டில் வீரம் பேசுகிறான். உஷா முதலில் எழுதிய முடிவில், எல்லாரும் பாடி ஓய்ந்த பிறகு பொன்னி தானே தாழ்ப்பாளைத் திறக்கிறாள். "பயந்துக்கிட்டு தாப்பா போடல. யோசிக்கறதுக்குப் போட்டேன். யோசிச்சு முடிச்சுட்டேன். நகருங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போகிறாள். அவ்வளவுதான்.

அந்தக் கடைசிப் பக்கத்தை எனக்கு அவள் படித்துக் காட்டியபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடுவதை நிறுத்தினேன். எனக்கு இது பெரிய காரியம்.

ஆனால் மன்றச் செயலாளர் குமரகுரு சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக நிற்பார். நாடகத்துக்கு உடம்பு நன்றாக இருந்தாலும் முதல் ஆளாக வைத்தியம் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து, உஷா கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், எல்லாம் சரிங்க. முடிவு மட்டும் எடுபடாதுங்க."

"ஏனுங்க சார்?"

"முப்பது வருசமா நம்ம மன்றத்துல கடைசி சீன்ல ஏதாச்சும் ஒண்ணு ஒடையுமுங்க. பானை ஒடையும், வில்லு ஒடையும், ஒண்ணுமில்லாட்டி மனசாச்சும் ஒடையும். அந்தப் புள்ள பாட்டுக்குத் தானா கதவத் தெறந்துக்கிட்டு வந்தா, குளிச்சுட்டு வாராளான்னு சனம் கேக்குமுங்க."

"அவ தெறக்கறதுதானுங்க கதையே."

"கதை அவ தெறக்கறதுங்க, நாடகம் அவன் ஒடைக்கறது. மோகனு ஓடி வாரான், மூணு ஒதை, கதவு ரெண்டாப் பொளக்குது, புள்ளையத் தூக்கிக்கிட்டு வாரான், மாலை, மங்களம். பாருங்க, கை தானா தட்டுதா இல்லையா!"

மோகனு என்பது மோகன்குமார். குமரகுருவின் அக்கா மகன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன். காலையும் மாலையும் ஜிம்முக்குப் போகிறவன். முறைப்பையன் வேடம் அவனுக்கு.

உஷா ஒரு மணி நேரம் வாதாடினாள். கடைசியில் அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "உங்களுக்கு ஒப்பலீன்னா சொல்லுங்க, எழுதுனது நீங்களாவே இருக்கட்டும், டைரக்சன வேற ஆரு கிட்டயாச்சும் குடுத்துக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு முறுக்கு வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் மோசம்.

அவர் போன பிறகு உஷா கடைசிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அளவுகோல் வைத்துப் போட்டாள். கோபத்திலும் கோடு நேராக இருக்க வேண்டும் அவளுக்கு. நான், "செட்டு நம்ம பட்டறையில செஞ்சுரலாம் புள்ள" என்றேன். ஆறுதல் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி எதையாவது செய்து கொடுப்பது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "நீங்களே செய்யுங்க. அந்தக் கதவும் நீங்களே செய்யுங்க."

என் பட்டறையில் வெல்டிங் பார்ப்பவர் சின்னான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவரிடம் உஷா எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். மெல்லிய ரீப்பர்க் கட்டையில் சட்டம் அடித்து, அதன் மேல் துணி இழுத்துக் கட்டி, சுவர் மாதிரி வண்ணம் பூச வேண்டும். நடுவில் கதவு. கதவு இரண்டு பாதியாக இருக்க வேண்டும், இரண்டையும் ஒரு மெல்லிய பட்டி மட்டும் பிடித்திருக்க வேண்டும், மூன்றாவது உதையில் பிளந்து விழ வேண்டும்.

சின்னான் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"ஒடையறதுக்குங்களா?"

"ஒடையறதுக்குத்தான்."

"நம்ம பட்டறைலீங்களா?"

"நம்ம பட்டறைலதான். ஏன், வேற எங்கயாச்சும் போயி ஒளிஞ்சு செய்யலாமா?"

"பட்டறைப் பேரு எழுதாம செஞ்சுரலாமுங்க மொதலாளி," என்றார்.

சுவர்களைச் செய்வதில் பிரச்சினை இல்லை. அது எங்களுக்குச் சுவராகவே தெரியவில்லை, காயப்போட்ட துணியாகத்தான் தெரிந்தது. அதனால் மனசு உறுத்தவில்லை. எங்கள் பெயிண்டர் அதில் செங்கல், காரை பெயர்ந்த இடம், மாட்டி வைத்த காலண்டர் வரைக்கும் எழுதிவிட்டார். பழக்க தோஷத்தில் ஒரு மூலையில் தாமரையும் இரண்டு கிளியும் போட்டதை உஷா அழிக்கச் சொன்னாள்.

கதவு விஷயம் வேறு. கதவு எங்களுக்குச் சாமி மாதிரி.

முதல் கதவை மெல்லிய ப்ளைவுட்டில் செய்தோம். சோதித்துப் பார்க்கச் சின்னான் ஓர் உதை விட்டார். கால் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆளைக் கதவோடு சேர்த்து உட்காரவைத்து அறுத்து எடுத்தோம். அதன் பிறகு இருவரும் டீ குடித்தோம். இழவு வீட்டில் குடிக்கிற மாதிரி, பேசாமல்.

இரண்டாவது கதவு சரியாக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, படார். இரண்டு பாதியும் அழகாகப் பிரிந்து விழுந்தன. உஷாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அதே அளவில் நிஜ நாடகத்துக்காக இன்னொன்றைச் செய்து, கனமான நிலைச்சட்டத்தில் கீல் போட்டு மாட்டினோம். நிலை சாயாமல் இருக்க அடியில் சேனல் இரும்பில் ஒரு பீடம், பின்னால் இரண்டு முட்டுக்கால். உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். அன்றைக்கே அதைக் கொண்டுபோய் மண்டபத்தில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாடகத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அந்தக் கதவு என் பட்டறையில், என் கண் முன்னால், பலவீனமாக நின்றது.

மூன்றாம் நாள் உஷா மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தாள். போகிற போக்கில் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"லேசா ஆடுதுங்களே."

"ஆடோணுமே. நீதானே கேட்ட."

"ஆமாமா. நாடகக் கதவுதானே. மண்டபத்துக்கு டெக்கரேசன் பண்றவங்க தெர்மாகோல்லயே இதவிடக் கெட்டியாச் செய்வாங்களாம், பொன்னியா நடிக்கற கிருத்திகா சொன்னா. அது கெடக்குதுங்க. ரசத்த மொதல்ல ஊத்திக்கோங்க, ஆறிப்போயிரும்."

ரசம் இறங்கவில்லை.

தெர்மாகோல்! அவள் போன பிறகு நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். சின்னான் அந்தப் பக்கம் கேபினுக்குள் இருந்தார். ஒரு ஸ்க்ரூ எடுத்து, நடுப்பட்டியில், வெளியே தெரியாத இடத்தில் இறக்கினேன். ஒன்றே ஒன்று. பட்டி வண்டியில் போகும்போது ஆடிக் கழன்று விழாமல் இருக்க. உடையும்போது இந்த ஒன்று என்ன செய்துவிடும்?

மறுநாள் அந்த ஸ்க்ரூ தனியாக இருப்பது போலத் தெரிந்தது. துணைக்கு ஒன்று போட்டேன். அடுத்த நாள் மேலே இரண்டு இருக்க, கீழே ஒன்றும் இல்லாதது கண்ணை உறுத்தியது. இப்படியே போயிற்று. குடிப்பழக்கம் உள்ளவர்கள் பாட்டிலை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்பது எனக்கு அந்த வாரத்தில்தான் புரிந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரை வேட்டி மடிப்பில் வைத்திருந்தேன். கடைசி நாள் எண்ணிப் பார்த்தபோது பதினோரு ஸ்க்ரூ. எட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்றைக் கழற்றினேன். நான்காவதை மறுபடி இறுக்கிவிட்டேன். மோகன்குமார் ஜிம்முக்குப் போகிற பையன், எட்டு ஸ்க்ரூவெல்லாம் அவனுக்கு எந்த மூலைக்கு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். மூன்றாவது உதைக்கு உடையாவிட்டால் நான்காவதுக்கு உடையும். ஓர் உதை கூடுதலாக விழுந்தால் என்ன, அவன் என்ன உதைக்குக் கணக்கா கேட்கப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. தறி ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், முன் வரிசையில் லாரி ஓனர்கள் நாலைந்து பேர். இரண்டு பேருடைய வண்டிகள் அப்போது என் பட்டறையில் நின்றன. திரை தூக்கியதுமே செட்டுக்குக் கை தட்டினார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் உஷாவோடு நின்றேன். சின்னானும் சலவைச் சட்டையில் வந்திருந்தார்.

முதல் முக்கால் மணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. பொன்னியாக நடித்த கிருத்திகா முட்டைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண். அதட்டிப் பேசினால் அழுதுவிடும் போலிருப்பாள். மேடையில் ஏறியதும் வேறு ஆளாக இருந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அப்பாவாக நடித்த சத்துணவு அமைப்பாளர் பாடிய கெஞ்சல் பாட்டுக்கு இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள். உஷாவின் உதடுகள் ஒவ்வொரு வரியையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தன.

அப்புறம் மோகன்குமார் வந்தான். பனியன் வெளியே தெரிகிற மாதிரி மேல் பட்டன் மூன்றைத் திறந்துவிட்டிருந்தான்.

"இந்தக் கதவென்ன, இந்த ஊரே குறுக்க நின்னாலும் ஒடைப்பேன்!"

கீபோர்டில் இருந்த மதன் தாளப் பலகையில் 'டம்' என்று ஒரு போடு போட்டான். முதல் உதை. கதவு அசையவில்லை. சரி, முதல் உதைக்கு அசையக் கூடாதுதான். இரண்டாவது உதை, இரண்டாவது டம். கதவு அசையவில்லை. அது கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது உதைக்கு மதன் இருக்கிற எல்லாவற்றையும் தட்டினான். மின்னல், இடி, வெண்கலத் தட்டு எல்லாம் முழங்கிற்று. முழங்கி அடங்கியபோது கதவு நின்றுகொண்டிருந்தது. மோகன்குமார் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

நான் மனசுக்குள் ஸ்க்ரூக்களை எண்ணினேன்.

மதன் கெட்டிக்காரன், வீரப் பாட்டின் பல்லவியைத் திரும்ப எடுத்தான். மோகன்குமாரும் பாடிக்கொண்டே நாலு, ஐந்து, ஆறு என்று உதைத்தான். பாட்டில் 'மலையைப் பிளக்கும் என் பாதம்' என்று ஒரு வரி வரும். அது குமரகுரு சேர்க்கச் சொன்ன வரி. அந்த இடத்தில் பையன் குரல் கம்மியது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "மாப்ளே, காலிங் பெல் இருக்குதா பாரு!"

இன்னொரு குரல்: "ஜேசிபிக்குப் போன் போடுங்கப்பா!"

லாரி ஓனர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "கதவு எந்தப் பட்டறைங்க?"

"எங்க பட்டறைங்க!" என்று என் பக்கத்திலிருந்து சின்னான் கத்தினார். அவர் வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டார்.

நான் உஷாவைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு பெண் ஆறு மாதமாக எழுதி, அடித்து, ஒத்திகை பார்த்து, தன் முடிவையும் விட்டுக்கொடுத்து இந்த இடம் வரை கொண்டு வந்ததை நான் எட்டு ஸ்க்ரூவில் கவிழ்த்துவிட்டேன்.

இதற்குள் அப்பா வேடக்காரருக்குப் பொறுப்பு வந்துவிட்டது. "வாடா மருமகனே, ரெண்டு பேருமாத் தள்ளுவோம்!" என்று எழுதாத வசனம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு தோளைக் கொடுத்தார். இருவரும் ஓடி வந்து மோதினார்கள். கதவு அசையவில்லை. ஆனால் சுவர் அசைந்தது. முதலில் காலண்டர் பக்கம் ஆடியது. பிறகு இடது சுவர் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்தது. அது சாய்ந்ததைப் பார்த்து வலது சுவரும் சாய்ந்தது. காயப்போட்ட துணிதானே. இரண்டும் விழுந்து தூசி எழும்பி அடங்கிற்று.

நடு மேடையில் கதவு மட்டும் நின்றது. நிலையோடு, பீடத்தோடு, தாழ்ப்பாளோடு, கம்பீரமாக. அதற்குப் பின்னால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கிருத்திகா நின்றாள். முன்னால் மோகன்குமார் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கதவு. கதவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. மண்டபமே சிரித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன.

முன் வரிசையிலிருந்து குமரகுரு எழுந்து, திரையைப் போடு என்று கையைக் காட்டினார். கயிற்றைப் பிடித்திருந்தவர் உஷாவைப் பார்த்தார்.

நானும் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கமோ கயிற்றின் பக்கமோ திரும்பவில்லை. கிருத்திகாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினாள். மெதுவாக, வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது போல.

கிருத்திகாவுக்குப் பழைய கடைசிப் பக்கம் தெரியும். ஒத்திகை தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் உஷாவிடம் அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள்.

அவள் சுவர் இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. இரண்டடி நகர்ந்தால் சும்மா நடந்து வந்துவிடலாம். அவள் கதவின் முன்னால் வந்து நேராக நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தாள். அந்தச் சத்தம் கேட்டபோது மண்டபத்தில் வேறு சத்தம் இல்லை. கதவு திறந்தது. கீல் ஒரு முனகல்கூட விடவில்லை. கிரீஸ் வைத்தது நான்.

"பயந்துக்கிட்டு தாப்பா போடல," என்றாள். "யோசிக்கறதுக்குப் போட்டேன்."

மோகன்குமார் அண்ணாந்து பார்த்தான். பாவம், அவனுக்கு இந்த வசனம் தெரியாது.

"யோசிச்சு முடிச்சுட்டேன். நகருங்க."

அவன் நகர்ந்தான். நடிக்கவில்லை, உட்கார்ந்தபடியே நிஜமாகவே நகர்ந்தான். அவள் அவனைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, மேடைப் படியில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவே இருந்த பாதையில் நடந்து மண்டபத்தின் வாசல் வழியாக வெளியே போனாள். எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் திரும்பி வரவில்லை. ஐந்து நொடியாவது இருக்கும். அதன் பிறகுதான் கைதட்டல் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

திரை இறங்கியதும் குமரகுரு பின்பக்கம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், இது சதிங்க. நான் ஒடைக்கச் சொன்னதுக்கு, ஒடையாத கதவாப் பாத்துச் செய்யச் சொல்லியிருக்கறீங்க. பையன் காலு வீங்கிப் போச்சு. இப்படிப் பண்றவங்க கையில மன்றத்த எப்படிங்க குடுக்கறது?"

உஷா வாயைத் திறப்பதற்குள் நான் நடுவில் போய் நின்றேன். லாரி ஓனர்கள் இருவர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க. அவ கேட்டது ஒடையற கதவு. எனக்குச் செய்யத் தெரியலீங்க. சொன்ன அளவுக்கு ஒரு பொருளைச் செய்யத் தெரியாத பட்டறைங்க எங்களது. நடுப்பட்டியில எட்டு ஸ்க்ரூ போட்டுட்டேன்."

இருபத்தாறு வருடத் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. பல் பிடுங்கின மாதிரி இருந்தது.

"எட்டுக்கெல்லாம் அது நிக்காதுங்களே," என்றார் சின்னான், பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினோம். அவர் தலையைச் சொறிந்தார். "நானு… உள்பக்கம் நாலு எடத்துல இரும்புப் பட்டை வெச்சு போல்ட்டு முடுக்கி, மேல பெயிண்ட் அடிச்சுட்டேனுங்க. மொதலாளி சாப்பிடப் போறப்ப. அது ஆடறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கலீங்க."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே கடையில் ஒளிந்து குடித்துவிட்டு வாசலில் எதிர்ப்பட்டவர்கள் போல.

குமரகுரு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். ஆத்தூர் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவராம்.

"சார், எப்படி சார் யோசிச்சீங்க? செவுரெல்லாம் விழுந்துடுச்சு, பக்கத்துல பூந்து வந்துடலாம். ஆனா அந்தப் பொண்ணு கதவைத் தெறந்துதான் வருது பாருங்க! எனக்கு மூணு பொண்ணு சார்." பிடித்த கையை அவர் விடவில்லை. "எங்க ஊருக்கு இதே மாதிரி வரணும். செவுரு விழறது, அந்தப் பையன் உதைக்கறது, எல்லாம் அப்படியே."

குமரகுரு என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்தார்.

"அதுங்க," என்றார், "மன்றத்துல எல்லாருமா உக்காந்து பேசி எடுத்த முடிவுங்க."

மறுநாள் காலையில் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. எட்டு மணிக்குள் மேடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சுவர்களைச் சுருட்டி ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். கதவுக்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். உஷா பள்ளிக்குப் போகிற வழியில் இறங்கி, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். குமரகுரு.

"டீச்சர், ஆத்தூருக்கு அடுத்த மாசம் தேதி குடுத்துட்டேனுங்க. நீங்கதான் வந்து நடத்தோணும். மோகனு மட்டும் இனிமே ஒதைக்க மாட்டேன், தோளால இடிக்கறேங்கறான்."

"ஒதைக்கட்டும், இடிக்கட்டும் சார், அவன் இஷ்டமுங்க. தெறக்கறது கிருத்திகாதான். அது இனிமே மாறாதுங்க."

"சரிங்க," என்றார் குமரகுரு. "மலையப் பொளக்கற வரி மட்டும் இருக்கட்டுமுங்க."

"அது இருக்கட்டுங்க சார். அது இருந்தாத்தான் நல்லாருக்குது."

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். முதல் நாள் சாயங்காலம் முழுக்கத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்புள்ள, நான் வேணும்னே செய்யல, தெரியுமில்ல? உனக்காகச் செஞ்சேன்னு சொல்லிக்கலாம்னு பாத்தேன். ஆனா நிசம் அது இல்ல. ஒடைஞ்சு போயிருமோன்னு பயம். அவ்வளவுதான்."

"தெரியுமுங்க."

"கோவமில்லையே?"

"ஏனுங்க," என்றாள் அவள், என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ராசிபுரத்துல டெக்கரேசன்காரங்க ஒன்பது பேரு இருக்கறாங்க. கேட்டிருந்தா ரெண்டு நாள்ல ஒடையற கதவு செஞ்சு குடுத்திருப்பாங்க. நான் எதுக்கு உங்ககிட்ட வந்தேன்னு நெனைக்கறீங்க?"

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு விரலால் கதவைத் தள்ளிப் பார்த்தது, தெர்மாகோல், ரசம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பத்தொன்பது வருடமாக இந்தப் பெண்ணை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. பார்க்கப்போனால் ஒருத்தி தன் நாடகத்தின் கடைசிப் பக்கத்தை என் கையை நம்பி வைத்திருக்கிறாள். லாரி ஓனர்கள்கூட அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இரண்டு முறை வந்து பார்ப்பார்கள்.

"ஒடைஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒடையாதுங்க."

அந்தப் பக்கம் சின்னானும் ஐந்து பேரும் கதவைப் படியில் இறக்க முடியாமல், "அக்கட்ட புடி, அக்கட்ட புடி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வளைகாப்புக்கு வந்தவர்கள் வளையல் தட்டோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்து மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆத்தூருக்கு இத ஏத்தி இறக்கறது செரமம் புள்ள," என்றேன். "கொஞ்சம் கனம் கொறைச்சு, லேசா ஒண்ணு வேற செய்யட்டுமா?"

உஷா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ்சுக்கு நேரமாகியிருந்தது.

"செய்யுங்களேன்," என்றாள். "முயற்சி பண்ணிப் பாருங்க."